பிரியாணிக்குக் காசு இருக்கு, ஆயாம்மாவுக்கு இல்லை

எங்க டீம்ல ஒரு பழக்கம் உண்டு. பெரிய ரிலீஸ் ஏதாவது சேதாரம் இல்லாம முடிஞ்சா, ஆளுக்கு ஆயிரம் ரூபா போட்டு, பக்கத்துல இருக்கற ஏதாவது ஒரு ஹோமுக்குப் போய் மதியச் சாப்பாடு போட்டுட்டு, குரூப் போட்டோ எடுத்துட்டு வருவோம். சிறுசேரி சிப்காட்ல பொட்டி தட்டுற முக்காவாசிப் பேருக்கு இந்தப் பழக்கம் இருக்கும்னு நினைக்கிறேன். போன வருஷம் அந்த ஏற்பாடு என் தலையில வந்து விழுந்துச்சு.

கேளம்பாக்கத்துல இருந்து கோவளம் போற ரோட்டுல, உப்பளம் தாண்டி கொஞ்சம் உள்ள போனா ஒரு ஹோம் இருக்கு. கன்னியாஸ்திரிகள் நடத்துறாங்க. பேர் வேண்டாம். விளம்பரம் பண்றேன்னு ஒரு கோஷ்டியும், மாட்டி விடறேன்னு இன்னொரு கோஷ்டியும் கிளம்பும். அங்க இருக்கறவங்க 24 பேர். பாதிக்கு மேல மூளை முடக்குவாதம், தானா எழுந்து உட்கார முடியாதவங்க. மீதிப் பேர் மனவளர்ச்சி குன்றியவங்க. குழந்தைங்கன்னு நாமதான் சொல்லிக்கறோம். பல பேருக்கு என் வயசு, சில பேருக்கு என்னைவிட அதிகம்.

தேதி கேக்கலாம்னு போனப்ப சிஸ்டர் ஒரு மாசக் காலண்டரைக் காட்டினாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாம் நிரம்பி வழியுது. ஒரே நாள்ல மூணு பேர் பேரு எழுதியிருக்கு. காலையில ஒருத்தருக்குப் பொறந்த நாள், மதியம் இன்னொருத்தரோட அப்பா நினைவு நாள், சாயந்திரம் ஏதோ ஒரு கம்பெனி. மூணு வேளையும் பிரியாணி, கேக், குலாப் ஜாமூன். "திங்கக்கிழமை பூரா எல்லாருக்கும் வயிறு சரியில்லாம போயிடுது தம்பி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. அப்புறம் ரொம்பத் தயங்கி ஒண்ணு கேட்டாங்க. "சாப்பாட்டுக்குக் குடுக்கறதை ராத்திரி டூட்டி ஆயாம்மா சம்பளத்துக்குக் குடுக்க முடியுமா? ரெண்டு மாசமா பாக்கி வச்சிருக்கோம்."

இதுல என்ன இருக்கு, தாராளமா குடுக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வந்து டீம்ல சொன்னதும்தான் ஆரம்பிச்சது மேட்டர்.

"சம்பளமா? அது அட்மின் செலவுடா. நம்ம காசு நேரா அவங்களுக்குப் போய்ச் சேரணும்" என்றான் ஒருத்தன். "கிறிஸ்டியன் மிஷன்தானே, வெளிநாட்டுல இருந்து கோடிக்கணக்குல வரும். நம்ம இருபதாயிரம் அவங்களுக்குக் கொசுறு" என்றது இன்னொரு குரல். மூணாவது குரல் கொஞ்சம் மெதுவா வந்துச்சு: "அந்தக் காசு மதமாற்றத்துக்குப் போகாதுன்னு என்னய்யா நிச்சயம்?" கடைசியில ஓட்டெடுப்பு வச்சு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கிக் குடுத்தோம். மேல எங்க டீம் பேர் போட்டு ஸ்டிக்கர். ஓட்டெடுப்புல நானும் ஃப்ரிட்ஜுக்குத்தான் கை தூக்கினேன் என்பதை இங்கேயே சொல்லிடறேன். வாக்குக் குடுத்துட்டு வந்தவன், வாயைத் திறக்கல.

மூணு மாசம் கழிச்சு, ஃப்ரிட்ஜ் வாரண்டி கார்டு என்கிட்டயே தங்கிட்டதால, குடுக்கப் போனேன். அந்த ராத்திரி ஆயாம்மா இல்ல. வேலையை விட்டுட்டாங்களாம். எங்க போயிருக்காங்கன்னு கேட்டா, சிப்காட்ல ஒரு ஐடி கம்பெனியில ஹவுஸ்கீப்பிங். ஹோம்ல 12 ஆயிரம், அதுவும் தவணை தவணையா. அங்க மாசம் பொறந்தா கையில 15 ஆயிரம், பி.எஃப். தனி. அவங்க மேல தப்பே சொல்ல முடியாது. எங்களை மாதிரி ஆளுங்க 20 சதவீதம் ஹைக் வந்தா அடுத்த நாளே பேப்பர் போடறவங்கதானே.

அங்க ஒரு அண்ணன் உண்டு. போன தடவை போனப்ப கிரிக்கெட் ஸ்கோர் கேட்டவர். பேச்சு கொஞ்சம் குழறும், ஆனா புரியும். குப்புறப் படுக்க வச்சிருந்தாங்க. ஏன்னு கேட்டேன். இடுப்புக்குக் கீழ படுக்கைப்புண். தானா புரள முடியாதவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும், இல்லன்னா ஒரே இடத்துல அழுத்தம் விழுந்து தோல் செத்துப் போகும். பகல்ல ஆள் இருக்கு. ராத்திரி ஒரே ஒரு சிஸ்டர், அவங்களுக்கும் அறுபது வயசுக்கு மேல. 24 பேர்ல புரட்ட வேண்டியவங்க 13 பேர். ராத்திரி பத்துலேருந்து காலை ஆறு வரைக்கும் ஒவ்வொருத்தரையும் நாலு தடவைன்னா 52 தடவை. ஒரு பெரிய ஆளைத் தனியாத் தூக்கிப் புரட்டிப் பாருங்க, தெரியும்.

எங்க ஃப்ரிட்ஜ் மூலையில நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, ஸ்டிக்கரோட.

சரி, புலம்பலை விட்டுட்டு விஷயத்துக்கு வரேன்.

நாம வேலை பாக்கற சர்வீஸ் கம்பெனிகளோட ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்க. பெரிய கம்பெனிகள்ல வருமானத்துல பாதிக்கு மேல ஊழியர் சம்பளத்துக்குத்தான் போகுது. எந்த கிளையண்டாவது "உங்க புரோகிராமர் சம்பளம் எல்லாம் அட்மின் செலவு, அதுக்குக் காசு தர மாட்டேன், நேரா சாஃப்ட்வேருக்கு மட்டும் தரேன்"னு சொன்னதுண்டா? ஆள்தானே சரக்கு! படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாத்துக்கற ஹோம்லயும் அதேதான். அங்க நடக்கற சேவை என்பது ஒருத்தரோட கை. குளிப்பாட்டற கை, ஊட்டி விடற கை, புரட்டிப் போடற கை. அந்தக் கைக்குக் குடுக்கற சம்பளத்தை அட்மின்னு ஒதுக்கிட்டா மிச்சம் இருக்கறது கட்டடமும் ஃப்ரிட்ஜும்தான்.

இன்னொரு கணக்கு, சப்போர்ட் புராஜெக்ட்ல இருந்தவங்களுக்கு உடனே புரியும். ஒரு சீட்டுல 24 மணி நேரமும் ஒரு ஆள் இருக்கணும்னா எத்தனை ஆள் எடுக்கணும்? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தர் 48 மணி நேரம் பாத்தா மூணரை ஆள். லீவு, காய்ச்சல், ஊர்த் திருவிழான்னு சேத்தா நாலுக்குக் குறையாது. அதாவது எந்த நேரமும் ஒரே ஒரு ஆயாம்மா இருக்கறதுக்கே நாலு சம்பளம் வேணும். 24 பேருக்கு ஒரு ஆயாம்மா போதாதுன்னு சொல்ல எந்த நிபுணரும் தேவையில்ல.

அரசாங்கம் குடுக்கலையான்னு கேப்பீங்க. குடுக்குது. தமிழ்நாட்டுல கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கும் மனவளர்ச்சி குன்றியவங்களுக்கும் பராமரிப்பு உதவித்தொகை மாசம் 1,500 ரூபாயா இருந்ததை 2023 ஜனவரியில இருந்து 2,000 ஆக்கினாங்க. நல்ல விஷயம், மறுக்கல. ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம் வருது. டயப்பர் வாங்கவே சரியா இருக்கும். நம்ம பக்கத்துலயே முட்டுக்காட்டுல 2005-ல ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு இருக்கு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கானது. சிகிச்சை, பயிற்சி எல்லாம் அங்க கிடைக்கும். ஆனா அது ஆயுசு முழுக்க வச்சுப் பாத்துக்கற வீடு இல்ல. "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பாத்துப்பா?" என்கிற அப்பா அம்மா கேள்விக்குப் பதில் இந்த மாதிரி ஹோம்கள்தான். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவங்கள்ல எத்தனை வீட்டுல இந்தக் கேள்வி ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குதோ.

இப்ப அந்த ரெண்டாவது குரலுக்கு வருவோம். வெளிநாட்டுக் காசு கோடிக்கணக்குல கொட்டுது என்கிற கதை.

ஒரு காலத்துல அது உண்மைதான். தமிழ்நாட்டுல காது கேளாதவங்களுக்கும் பார்வை இல்லாதவங்களுக்கும் முதல்ல பள்ளிக்கூடம் தொறந்தவங்க மிஷனரிகள். பாளையங்கோட்டையில 1890-கள்ல ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்கிற ஆங்கிலேய அம்மா தொடங்கின காது கேளாதோர் பள்ளி இன்னும் அவங்க பேர்லயே நடக்குது. ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கின பார்வையற்றோர் பள்ளியும் அதே ஊர்தான், அதே காலம்தான். சென்னையில ஜெமினி பாலம் பக்கம் இருக்கற லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி 1926-ல வந்தது. அப்போ வெளிநாட்டு சபைகள்ல உண்டியல் குலுக்கி அனுப்பின காசு இதுக்கெல்லாம் அடித்தளம். நம்ம ஆளுங்க மனசுல அந்தப் படம் அப்படியே நின்னுடுச்சு, ஃப்ரேம் போட்டு மாட்டின மாதிரி.

இன்னிக்கு நிலைமை வேற. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா எஃப்.சி.ஆர்.ஏ. 1976-ல வந்தது, 2010-ல புதுசா எழுதினாங்க, 2020 செப்டம்பர்ல திருத்தினாங்க. அந்தத் திருத்தத்துல மூணு விஷயம் முக்கியம். ஒண்ணு, வெளிநாட்டுக் காசு எல்லாமே டெல்லியில நாடாளுமன்ற வீதியில இருக்கற ஸ்டேட் பாங்க் கிளையிலதான் முதல்ல வந்து இறங்கணும். கேளம்பாக்கத்துல ஹோம் நடத்தறவங்க டெல்லியில அக்கவுண்ட் தொறக்கணும். இது வெறும் தலைவலி, சமாளிச்சுக்கலாம். ரெண்டாவது, ஒரு அமைப்பு வாங்கின வெளிநாட்டுக் காசை இன்னொரு அமைப்புக்குக் கை மாத்தவே கூடாது. இதுதான் சின்ன ஹோம்களோட கழுத்தைப் புடிச்சது. முன்னாடி மறைமாவட்ட அளவுல இருக்கற பெரிய அமைப்பு வாங்கி, கணக்கு வழக்கு எல்லாம் அவங்களே பாத்துக்கிட்டு, கிராமத்துல இருக்கற சின்னச் சின்ன இடங்களுக்குப் பிரிச்சுக் குடுக்க வழி இருந்துச்சு. இப்ப ஒவ்வொருத்தரும் தனித்தனியா பதிவு வாங்கணும். அதுக்கு மூணு வருஷம் இயங்கியிருக்கணும், அந்த மூணு வருஷத்துல 15 லட்சமாவது செலவு பண்ணியிருக்கணும். காசு இல்லாததாலதான் காசு கேக்கறாங்க என்பது சட்டம் எழுதினவருக்குத் தோணல போல.

மூணாவதுதான் எங்க டீம் விவாதத்தோட சட்ட வடிவம். நிர்வாகச் செலவு முன்னாடி 50 சதவீதம் வரைக்கும் போகலாம்னு இருந்ததை 20 ஆக்கிட்டாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு. பாதிக் காசை ஆபீசே தின்னா யாருக்குத்தான் கோவம் வராது? ஆனா எது நிர்வாகச் செலவு? 2011 விதிகள்ல அஞ்சாவது விதியைப் படிச்சுப் பாத்தேன். (ஒரு சனிக்கிழமை முழுக்க இதுலயே போச்சு, வீட்டுல திட்டு.) ஆள் எடுக்கற செலவு, நிர்வகிக்கறவங்க சம்பளம், ஆபீஸ் கரண்ட், தண்ணி, போன், கட்டட ரிப்பேர், வாடகை, வண்டி ஓட்டற பராமரிக்கற செலவு, கணக்கு எழுதற செலவு எல்லாம் நிர்வாகம். அப்புறம் ஒரு விலக்கு வருது. நல வாழ்வுக்கான அமைப்புகள் தங்களோட நோக்கத்துக்காக நேரடியா செய்யற செலவு நிர்வாகத்துல சேராது, உதாரணமா ஆஸ்பத்திரியில டாக்டர் சம்பளம், பள்ளிக்கூடத்துல வாத்தியார் சம்பளம் முதலியன.

அந்த "முதலியன" இருக்கே, அதுலதான் நம்ம ஆயாம்மா தொங்கிக்கிட்டு இருக்காங்க. டாக்டருக்குப் பேர் சொல்லி விலக்கு. வாத்தியாருக்குப் பேர் சொல்லி விலக்கு. ராத்திரி முழுக்க ஆளைப் புரட்டிப் போடறவங்க "முதலியன". நியாயமா படிச்சா அவங்க சம்பளம் நேரடிச் சேவைதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா தப்பாப் போனா பதிவு ரத்து என்கிற பயத்துல இருக்கற ஒரு சின்ன ஹோம் எப்படிப் படிக்கும்? தெளிவா எழுதாத ரெக்வயர்மெண்ட்டை டெவலப்பர் ஒரு மாதிரி படிப்பான், டெஸ்டர் ஒரு மாதிரி படிப்பான். பக் வந்தா திட்டு வாங்கறது யாருன்னு உங்களுக்கே தெரியும். பிசியோதெரபிக்கு ஆளைக் கூட்டிட்டுப் போற வேன் டீசல் எதுல சேரும்? சக்கர நாற்காலி ஏற வழி செய்யற சரிவுப் பாதை கட்டட ரிப்பேரா, சேவையா? இதையெல்லாம் ஒரு வரி சேத்து எழுதியிருந்தா முடிஞ்சது. 2022 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்களை எதிர்த்த வழக்கைத் தள்ளுபடி பண்ணிடுச்சு. வெளிநாட்டு நன்கொடை வாங்கறது யாருக்கும் முழுமையான உரிமை இல்லன்னு தீர்ப்பு. சட்டப்படி அது சரியாவே இருக்கட்டும். உரிமை இருக்கா இல்லையா என்பது அந்த ஹோமோட கேள்வியே இல்லையே. விதியைப் புரியற மாதிரி எழுதுங்கன்னுதான் கேக்க முடியும்.

காசு நின்னா என்ன ஆகும்னு பாக்க ஊரறிஞ்ச ஒரு உதாரணம் இருக்கு. அன்னை தெரசா தொடங்கின மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கு 2021 டிசம்பர் 25 அன்னிக்கு, சரியா கிறிஸ்துமஸ் நாள்ல, இந்தப் பதிவைப் புதுப்பிக்க உள்துறை அமைச்சகம் மறுத்துச்சு. பாதகமான தகவல்கள் வந்திருக்குன்னு மட்டும் காரணம் சொன்னாங்க. அக்கவுண்டை முடக்கிட்டாங்கன்னு அப்போ மேற்கு வங்க முதல்வரா இருந்த மம்தா பானர்ஜி சொன்னாங்க, 22,000 நோயாளிகளும் ஊழியர்களும் சாப்பாடு மருந்து இல்லாம நிக்கறாங்கன்னு. நாங்க முடக்கல, அவங்களே பேங்குக்கு எழுதிக் குடுத்து நிறுத்தி வச்சாங்கன்னு அமைச்சகம் சொல்லுச்சு. ஒடிசாவுல அப்போ முதல்வரா இருந்த நவீன் பட்நாயக் அங்க இருக்கற 13 இல்லங்களுக்கு முதல்வர் நிவாரண நிதியில இருந்து 78 லட்சம் குடுத்தார். 2022 ஜனவரி 7-ல பதிவைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. என்ன பாதகமான தகவல், ரெண்டு வாரத்துல அது எங்க போச்சு, ஒண்ணும் வெளியில வரல.

அவங்க பெரிய அமைப்பு. 2020-21-ல வெளிநாட்டுல இருந்து மட்டும் சுமார் 75 கோடி வந்ததா அவங்க தாக்கல் பண்ண கணக்கே சொல்லுச்சு. குரல் குடுக்க முதலமைச்சர்கள் இருந்தாங்க, நோபல் பரிசு பேர் இருந்துச்சு. ரெண்டு வாரம் தாக்குப் பிடிச்சாங்க. நம்ம உப்பளத்துப் பக்கத்து ஹோமுக்கு ஆயாம்மா சம்பளம் ரெண்டு மாசம் நின்னதுக்கே ஒருத்தர் முதுகு புண்ணாச்சு. ரெண்டையும் ஒரே தராசுல வச்சு "கிறிஸ்டியன் மிஷன்தானே"ன்னு சொல்றதுதான் எனக்கு எரிச்சல்.

மூணாவது குரல், அதான் மதமாற்றம். இதுல நான் ரொம்ப நீட்டப் போறதில்ல. அந்த ஹோம்ல சுவத்துல மாதா படம் இருக்கு, சாயந்திரம் ஜெபம் நடக்குது. பக்கத்துல கோவளத்துல கார்மேல் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் பக்கம் பக்கமா இருக்கற ஊர்க்காரங்களுக்கு இது பெரிய அதிசயம் இல்ல. காசு கொடுக்கறவங்களுக்குச் சந்தேகம் வர்றது தப்பும் இல்ல. ஆனா சந்தேகம் வந்தா கணக்கைக் கேக்கணும். கேக்கவே கேக்காம, சந்தேகத்தையே குடுக்காம இருக்கறதுக்குச் சாக்கா வச்சுக்கறது வேற. ஆயாம்மா சம்பளத்துக்குக் குடுத்தா மதம் மாத்திடுவாங்க, ஃப்ரிட்ஜ் குடுத்தா மாத்த மாட்டாங்களா?

இதுவரைக்கும் படிச்சுட்டு "இவன் ஹோம்காரங்க பக்கம் சாஞ்சுட்டான்"னு நினைக்கறவங்களுக்கு: இல்ல. கண்ணை மூடிக்கிட்டு நம்பறதுல எனக்கு உடன்பாடே கிடையாது. 2023 பிப்ரவரியில விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர்ல ஒரு ஆசிரமத்துல என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்தோம். ஆதரவற்றவங்களையும் மனநலம் பாதிக்கப்பட்டவங்களையும் வச்சிருந்த இடம். ஆள் காணாம போனது, அடி உதை, பாலியல் கொடுமைன்னு புகார்கள். நூத்துக்கும் மேல பேரை அங்கிருந்து மீட்டாங்க, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு. சேவைங்கற பேரைக் கேட்டு எல்லாரும் சும்மா இருந்ததுதான் அங்க பிரச்சனை.

நம்ம கடற்கரையிலயே இன்னொரு விதமான உதாரணமும் இருக்கு. கொட்டிவாக்கத்துல இருக்கற ஆஷா நிகேதன், லார்ஷ் என்கிற உலக அமைப்போட ஒரு வீடு. 1964-ல பிரான்ஸ்ல ஜான் வனியே என்பவர் மனவளர்ச்சி குன்றிய ரெண்டு பேரைத் தன்னோட ஒரே வீட்டுல சேர்ந்து வாழக் கூப்பிட்டதுல ஆரம்பிச்சது. கிறிஸ்தவப் பின்னணி, ஆனா இந்தியாவுல எல்லா மதத்துக்காரங்களும் சேர்ந்து இருக்கற வீடுகள். 1970-ல பெங்களூர்ல முதல் வீடு. அங்க உதவியாளர்கள் கூடவே தங்கி, கூடவே சாப்பிட்டு வாழறாங்க. அப்போ முக்கியமான செலவே மனுஷங்கதான். 2019-ல வனியே இறந்தப்போ உலகமே மகான்னு கொண்டாடுச்சு. 2020 பிப்ரவரியில அந்த அமைப்பே ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு: அவர் ஆன்மிக வழிகாட்டிங்கற இடத்துல இருந்துக்கிட்டு பெண்களைத் தப்பாப் பயன்படுத்தியிருக்கார்னு. 2023 ஜனவரியில இன்னும் விரிவான அறிக்கை, குறைஞ்சது 25 பெண்கள். பாதிக்கப்பட்டவங்கள்ல மனவளர்ச்சி குன்றியவங்க இருந்ததுக்கு ஆதாரம் கிடைக்கலன்னும் அதுல சொன்னாங்க. தங்களை உருவாக்கினவரைப் பத்தி, தாங்களே வெளி ஆள் வச்சு விசாரிச்சு, நன்கொடை நின்னாலும் பரவாயில்லன்னு வெளியிட்டாங்க. கணக்குக் காட்டறதுன்னா ரூபாய் பைசா மட்டும் இல்லன்னு நான் புரிஞ்சுக்கிட்டது அதைப் படிச்சப்போதான்.

சரி, கணக்கைக் கேக்கலாம்னா எங்க கேக்கறது? இங்கதான் பெரிய கூத்து. வெளிநாட்டுக் காசு வாங்கற ஒவ்வொரு அமைப்போட வருஷக் கணக்கும் உள்துறை அமைச்சக தளத்துல யார் வேணா பாக்கற மாதிரி இருந்துச்சு. மாவட்டம் வாரியா தேடலாம். 2022 ஜூலையில அந்த வருஷக் கணக்குகளையும், பதிவு ரத்தான அமைப்புகளோட பட்டியலையும் தளத்துல இருந்து எடுத்துட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்த காசை வெளியிடணும்னு இருந்த விதியையும் அதே சமயத்துல நீக்கிட்டாங்க. தணிக்கை செஞ்ச வருஷக் கணக்கைப் போடணும்னு இன்னும் இருக்கு, ஆனா முன்ன மாதிரி ஒரே இடத்துல உக்காந்து ஒப்பிட்டுப் பாக்க முடியல. வெளிப்படைத்தன்மைக்காகத்தான் சட்டத்தைக் கடுமையாக்கறோம்னு சொன்னவங்க, நான் பாக்கற ஜன்னலைச் சாத்திட்டாங்க. அரசாங்கத்துக்குத் தெரியும், அமைப்புக்குத் தெரியும், நடுவுல காசு குடுக்கற எனக்குத் தெரியாது.

ஹோம்காரங்களும் இதுல சளைச்சவங்க இல்ல. நான் கேட்டப்போ சிஸ்டர் நீட்டினது ஆடிட்டர் போட்ட நாலு பக்க இங்கிலீஷ் பேலன்ஸ் ஷீட். அதுல "எஸ்டாப்ளிஷ்மெண்ட் செலவு"ன்னு ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்ளதான் ஆயாம்மா, சமையல்காரம்மா, டிரைவர், கரண்ட் பில் எல்லாம் புதைஞ்சு கிடக்கு. யார் பாத்தாலும் அட்மின்னுதான் நினைப்பாங்க. "இதைப் பிரிச்சு எழுதுங்க சிஸ்டர், ராத்திரிப் பராமரிப்புன்னு தனியா ஒரு வரி போடுங்க"ன்னு சொன்னேன். "ஆடிட்டர் வருஷா வருஷம் இப்படித்தான் போடறார் தம்பி"ன்னாங்க. ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுக் குடுத்தேன். மாசம் ஒரு பக்கம், தமிழ்ல. உடம்பைத் தொட்டுச் செய்யற வேலைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு, ஆபீசுக்கு எவ்வளவு. முதல் மாசம் பாத்தப்போ ஆபீஸ் செலவு பத்துல ஒரு பங்குகூட வரல. சாப்பாட்டுல பெரும்பகுதி நம்மளை மாதிரி ஆளுங்க போட்ட பிரியாணியிலயே ஓடிடுது. துண்டு விழறது முழுக்கச் சம்பளத்துல.

கம்பெனி சி.எஸ்.ஆர். காசு வாங்கலாமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. லாபம் பாக்கற பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்துல 2 சதவீதம் செலவு பண்ணணும்னு 2013 கம்பெனிச் சட்டத்துல இருக்கு, 2014 ஏப்ரல்ல இருந்து நடைமுறை. ஓ.எம்.ஆர். முழுக்க அந்தக் காசுதான் ஓடணும். நான் போய்க் கேட்ட இடத்துல ரெண்டு விஷயம் சொன்னாங்க. புராஜெக்டா இருக்கணும், முடிவு தேதி இருக்கணும். விதிப்படி நீளமான புராஜெக்ட்னாலே ஆரம்பிச்ச வருஷம் போக மூணு வருஷம்தான். நம்ம அண்ணன் மூணு வருஷத்துல எழுந்து நடந்துடுவாரா என்ன? அவருக்கு இன்னும் நாப்பது வருஷம் ராத்திரி ராத்திரி புரட்டணும். அந்த மாதிரி முடிவே இல்லாத வேலைக்கு பவர்பாயிண்ட்ல போட ஸ்லைடு கிடையாது. பெட்ஷீட் வேணும்னா தரோம்னாங்க. வாங்கிக்கிட்டோம். பெட்ஷீட்டும் வேணும்தான்.

இப்ப நடக்கறதைச் சொல்லிடறேன். டீம்ல 22 பேர்ல 11 பேர் மாசம் 500 ரூபாய்க்கு பேங்க்ல ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டோம். எதுக்குன்னு எழுத மாட்டோம், அவங்களுக்கு எது முடையோ அதுக்கு எடுத்துக்கலாம். பதிலுக்கு மாசக் கணக்கு ஒரு பக்கம் வரணும், அவ்வளவுதான் நிபந்தனை. மாசம் 5,500. ஒரு ஆயாம்மா சம்பளத்துல பாதிகூட இல்ல. மூணாவது குரல்காரன் சேந்துட்டான், முதல் குரல்காரன் சேரல. ரெண்டு பேர் கம்பெனி மாறினதும் நிறுத்திட்டாங்க, அதனால இப்ப 4,500.

ராத்திரிக்குப் புதுசா ஒரு அக்கா வந்திருக்காங்க, தையூர்ல இருந்து. வாரத்துல நாலு நாள். மீதி மூணு நாள் இன்னும் அந்த வயசான சிஸ்டர்தான். அண்ணனுக்குப் புண் ஆறிட்டு வருது, முழுசா ஆறல. போன வாரம் போனப்போ மல்லாக்க சாஞ்சு உக்காந்து ஸ்கோர் கேட்டார். அடுத்த மாசத்து ஞாயித்துக்கிழமை நாலும் சாப்பாட்டுக்கு புக் ஆகிடுச்சாம். யாராவது குடுக்கறதா இருந்தா, கணக்குல "முடை"ன்னு ஒரு வரி இருக்கு, அதுல இந்த மாசம் 31,000 நிக்குது.